‘திருத்தப்படாத படம்’ என்னும் பொய்

‘கேமராவிலிருந்து வந்தபடியே. எவ்விதத் திருத்தமும் இல்லை.’ பறவைப் படங்களின் கீழ் இக்குறிப்பு இப்போது நன்னடத்தைச் சான்றிதழ்போல் ஒட்டப்படுகிறது. பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்கள் அப்படி எழுதிக்கொள்வதில் எனக்கு வழக்கில்லை. ஆய்வேடுகளின் பின்னிணைப்பிலும் களப்பணி அறிக்கைகளிலும் அது நுழைந்துவிட்ட பிறகு வாளாவிருக்க முடியவில்லை. அண்மையில் கண்ணில் பட்ட ஒரு மாணவர் கண்காட்சியின் விதி, ‘நிறம் திருத்திய படங்கள் சான்றாக ஏற்கப்படா’ என்கிறது. அறிவியல் கண்டிப்பு என்று எண்ணி வகுத்திருக்கிறார்கள். கேமரா எப்படி இயங்குகிறது என்பதை ஒருமுறை விசாரித்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்கள்.

கேமராவின் உணரி நிறத்தைக் காண்பதில்லை. விழுந்த ஒளியின் அளவை மட்டும் எண்ணுகிறது. அதன்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் கட்டம் கட்டமாகப் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பாதி பச்சை. ஒவ்வொரு கட்டத்திலும் இல்லாத மற்ற இரு நிறங்களையும் அண்டைக் கட்டங்களைக் கொண்டு கேமரா ஊகிக்கிறது. பின்னர் அங்கிருந்த வெளிச்சம் எந்நிறத்தது என்றும் ஊகித்து, மூன்று நிறங்களையும் வெவ்வேறு எண்ணால் பெருக்குகிறது. ஒயிட் பேலன்ஸ் என்பது அந்தப் பெருக்கல்தான். தானியங்கி முறையில் விட்டால் இந்த ஊகம் முழுவதும் கருவியுடையது. ஒரு காட்சியின் நிறங்களையெல்லாம் சராசரி பார்த்தால் சாம்பல் வரும் என்பது 1980-இல் புக்ஸ்பாம் முன்வைத்த மாதிரியில் உள்ள அடிப்படை எடுகோள். நெல்வயலில் நிற்கும் கொக்குக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். காட்சியில் பெரும்பகுதி பச்சை. எனவே வெளிச்சமே பச்சை என்று கணக்கு முடிவு செய்து பச்சையைக் குறைக்கும். கொக்கின் வெண்மை இளஞ்சிவப்பாகும். இன்றைய கேமராக்கள் இதைவிட நுட்பமானவை என்பது உண்மை. எனினும் செய்வது ஊகமே. ‘நான் திருத்தவில்லை’ என்பவர் சொல்வதன் பொருள், முன்பின் அறியாத ஒரு பொறியாளர் குழு தமக்காகத் திருத்தியதை அப்படியே ஏற்றுக்கொண்டேன் என்பதே.

தமிழ்த்துறை நண்பர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் ஒரே வடிவில் நிற்கும். ‘ஏட்டில் உள்ளபடியே அச்சிட்டேன்’ என்று ஒரு பதிப்பாசிரியர் சொன்னால் நாம் சிரிப்போம். புள்ளியிட்டு வாசித்த கணமே அவர் முடிவெடுத்துவிட்டார். 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரை நாம் மதிப்பதற்குக் காரணம் அவர் எதையும் தொடாமல் விட்டார் என்பதா? தொட்டதையும் கண்ட பாடவேறுபாடுகளையும் வாசகர் அறியத் தந்தார் என்பது. ரா கோப்பு நம் ஏடு. ஜேபெக் அச்சுப்படி. அச்சுப்படியை ஏடு என்று சாதிப்பவரிடம்தான் எனக்குச் சண்டை.

இதில் மொழியியல் ஆய்வாளனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். என் ஆய்வு பறவைப் பெயர்களைப் பற்றியது. செகந்திராபாத் பாளையத்தை ஒட்டிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் எந்தப் பெயர்கள் எஞ்சியுள்ளன, எவை தெலுங்குக்கு இடம் கொடுத்தன என்று தொகுக்கிறேன். லோத்குண்டாவில்தான் குடியிருக்கிறேன். (தெலுங்கில் லோத்து என்றால் ஆழம், குண்ட என்றால் குட்டை, ஊர்ப்பெயரிலேயே நீர் இருக்கிறது.) இத்தகைய ஆய்வில் படத்தைக் காட்டிப் பெயர் கேட்பது வழக்கமான முறை. இங்குள்ள மூதாட்டி ஒருவரிடம் பலரும் பயன்படுத்தும் ஒரு படத்தொகுப்பிலிருந்து செம்போத்தின் படத்தைக் காட்டினேன். அடர்ந்த நிழலில் எடுத்தது. முழுவதும் நீலம் பாய்ந்திருந்தது. “இது செம்போத்து இல்லப்பா. அதுக்கு றெக்க செங்கல் மாதிரி இருக்கும். இது ஏதோ காக்கா ஜாதி” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. அந்தப் படத்தில் செங்கல் நிறம் எங்குமே இல்லை.

இப்போது அட்டவணையை நிரப்புங்கள். ‘படம் காட்டப்பட்டது, பெயர் கூறப்படவில்லை.’ இவ்வாறு பத்துப் பேர் சேர்ந்தால், புலம்பெயர்ந்த மூன்றாம் தலைமுறையில் செம்போத்து என்னும் சொல் வழக்கிழந்தது என்று ஒரு முடிவு பிறக்கும். கட்டுரையாகும், மேற்கோளாகும். சொல் உயிரோடு இருக்கிறது; செத்தது படத்தின் சிவப்பு. நிறச்சொற்களின் பொருட்பரப்பை ஆராய்வோருக்கு இடர் இன்னும் கூடுதல். தமிழில் பசுமை பசும்பொன்னையும் தழுவும்; தெலுங்கில் பச்ச என்பது மஞ்சளுக்கும் இலைநிறத்துக்கும் பொது. மஞ்சள் சாயல் ஏறிய பஞ்சுருட்டானின் படத்துக்குத் தெலுங்கர் ஒருவர் ‘பச்ச’ என்று விடையளித்தால், அவர் பறவையைச் சொன்னாரா, சாயலைச் சொன்னாரா என்று பிரித்தறிய வழியே இல்லை.

நடுப்பகல் வெயில் ஏறத்தாழ 5500 கெல்வின். திறந்த வானத்தின் கீழுள்ள நிழல் 7000-ஐத் தாண்டும். மரத்தடியிலோ இலைகளின் ஊடே வடிந்த பச்சை அதனுடன் சேரும். ஒரே பறவையின் முதுகில் வானத்தின் நீலமும் வயிற்றில் புல்லின் பச்சையும் விழும். படம் முழுவதற்குமாக ஒரே ஸ்லைடரை இழுத்தால் ஒன்று நேராகும்போது மற்றது கோணும். நம் கண் இவற்றையெல்லாம் நம்மைக் கேளாமலே ஈடுசெய்துகொள்கிறது. 2015-இல் ஓர் உடையின் படம் நீலம்-கறுப்பா, வெள்ளை-பொன்னா என்று உலகமே இரண்டுபட்டதே, அது வெளிச்சம் குறித்த இருவேறு ஊகங்களின் சண்டை.

எதிர்த்தரப்பிலும் எனக்கு நண்பர்கள் இல்லை. கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அதிலுள்ள நிறம் வரும்வரை ஸ்லைடரை இழுப்பவர்கள் செய்வது வட்டவாதம். நூலைக்கொண்டு படத்தைத் திருத்திவிட்டு, அப்படத்தைக்கொண்டு நூலை மெய்ப்பிக்கிறார்கள். பருவ வேறுபாடு, வெளிறிய தனிப்பறவை, நிறச்சாயையை வைத்தே பெரிதும் பிரித்தறிய வேண்டிய கதிர்க்குருவிகள் எல்லாம் அந்த இழுப்பில் அழிந்துபோகின்றன. பனங்காடைக்கு நேர்வது இன்னும் கொடுமை. தெலங்கானாவின் மாநிலப் பறவையான பாலபிட்ட அதுவே. தசரா அன்று கண்டால் நன்மை என்பார்கள். சுவரொட்டிகளில் அது மின்விளக்குப்போல் எரிகிறது. அதன் இறகில் நீலச் சாயம் ஏதும் கிடையாது. நுண்கட்டமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றும் நீலம் அது. சி.வி.இராமன் 1934-இல், இந்திய அறிவியல் அகாதெமி ஏட்டின் முதல் தொகுதியிலேயே இப்பறவையின் இறகு நிறத்தை ஆராய்ந்து எழுதினார். மாலை வெயிலில் நீலம் குறைவு; ஆகவே அப்போது பனங்காடை மங்கித்தான் தெரியும். அதை நடுப்பகலாக்குவது திருத்தம் ஆகாது, இட்டுக்கட்டல்.

திருத்தவே முடியாத இடங்களும் உண்டு. சோடியம் தெருவிளக்கின் கீழ் அமர்ந்த புள்ளி ஆந்தையின் படத்தில் நீலம் ஏறக்குறைய இல்லை. இல்லாததை எவ்வளவு பெருக்கினாலும் இரைச்சலே பெருகும். கறுப்பு வெள்ளையில் வெளியிடுவது நாணயம்.

முன்பு பறவையைச் சுட்டுத் தோலைப் பதப்படுத்தி வைப்பதே சான்று. சாலிம் அலி 1931-32-இல் நடத்திய ஐதராபாத் சமஸ்தானப் பறவை ஆய்வு அக்காலத்தது. தோலை வெளிச்சத்துக்கு எடுத்துச்சென்று நிற அட்டையோடு ஒப்பிடலாம். அதற்கென்றே ரிட்ஜ்வே 1912-இல் 1,115 நிறங்களுக்குப் பெயரிட்டு நூல் வெளியிட்டார். இன்று சுடுவதில்லை, நல்லது. ஆனால் தோலின் இடத்தில் படத்தை அமர்த்திய நாம், தோலுக்குக் கேட்ட கேள்விகளைப் படத்துக்குக் கேட்பதில்லை.

கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. பறவை பறந்த பின் அது இருந்த வெளிச்சத்திலேயே ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்துப் படமெடுப்பது. அது இயலாதபோது சட்டகத்துக்குள் பறவையல்லாத நடுநிலைப் பொருளொன்றைத் தேர்ந்து, அது இன்னதென்று சொல்வது. மூலக்கோப்பை அழிக்காமல் வைத்திருப்பது. ‘மாணவர்களுக்கு ஏது நேரம்’ என்று ஒரு பேராசிரியர் கேட்டார். மேற்கோளில் ஒற்றுப்பிழை கண்டால் அத்தியாயத்தையே திருப்பி அனுப்புகிற துறைகள் இவை. படத்தின் கீழ் இப்படி எழுத எவ்வளவு நேரமாகும்: ‘செம்போத்து, லோத்குண்டா, காலை 7.10, மரநிழல், நிறம் அதே நிழலில் வைத்த சாம்பல் அட்டையின்படி திருத்தப்பட்டது, ரா கோப்பு துறையில் உள்ளது.’