எமது மண்டபங்களின் ஒலியும் எமது காதுகளும்

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் நடத்தும் விழாக்களைப் பற்றி ஆடம்பரம், நேரந் தவறுதல், கடன் எனப் பல குறைகள் பேசப்பட்டுவிட்டன. அதிகம் பேசப்படாத குறை அவற்றின் ஒலியளவு. திருமணமாயினும் பூப்புனித நீராட்டு விழாவாயினும் கலைமாலையாயினும் மேடையின் இருபுறமும் ஆளுயரத்துக்கு ஒலிபெருக்கிகள் அடுக்கப்படுகின்றன. பத்து ஆண்டுகளின் பின் சந்திக்கும் உறவினரிடம் நலம் விசாரிப்பதற்கும் அவரது காதருகே குனிந்து கத்தவேண்டியுள்ளது. வீடு திரும்பிய பின்னரும் காதுக்குள் ஒரு ரீங்காரம் கேட்கிறது. மறுநாள் அது அடங்கிவிடுவதால் நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

சிலருக்கு அது அடங்குவதேயில்லை.

வெளியே எவ்வித ஓசையும் இல்லாதபோது காதுக்குள் கேட்கும் இந்த ஒலியை மருத்துவர்கள் ‘ரினிற்றஸ்’ என்பர். ஊரில் எமது பெரியவர்கள் “காது இரையுது” என்று சொன்னது இதனைத்தான். நத்தையோடு போலச் சுருண்டிருக்கும் உட்காதில் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் இருந்து, ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. பேரொலி அவற்றை அழித்துவிடுகிறது. மனிதரில் அவை மீண்டும் முளைப்பதில்லை. வரவேண்டிய செய்தி குறையும்போது மூளை தன் உணர்திறனைத் தானே கூட்டிக்கொள்கிறது என்றும், அதன் விளைவே இந்த இரைச்சல் என்றும் ஆய்வாளர் பலர் விளக்குகின்றனர்.

எவ்வளவு ஒலி, எவ்வளவு நேரம் என்பதற்குக் கணக்கு உண்டு. 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் இருக்கலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்பில் பரவலாகக் கொள்ளப்படும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபலில் எஞ்சுவது 15 நிமிடம் மட்டுமே. கையெட்டும் தூரத்தில் இருப்பவருடன் குரலுயர்த்திப் பேசவேண்டியிருந்தால் 85ஐத் தாண்டியாயிற்று எனக் கொள்ளலாம். ஐந்து மணித்தியாலம் நடக்கும் எமது விழாக்களை வாசகர்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

அம்மண்டபங்களுக்கு எமது முதல் தலைமுறையினர் பழுதற்ற காதுகளுடன் வந்து அமர்வதில்லை. தொழிற்சாலை இயந்திரங்களின் அருகிலும் உணவகச் சமையலறைகளிலும் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தவர்கள் அவர்கள். எறிகணைக்கும் விமானக் குண்டுக்கும் தப்பி வந்தோரும் அவர்களிடையே உளர். அருகில் வெடித்த ஒரேயொரு குண்டு உட்காதை நிரந்தரமாகப் பாதிக்கப் போதுமானது. அவர்களின் பிள்ளைகளோ தொடருந்திலும் படுக்கையிலும் காதொலிப்பானைக் கழற்றுவதில்லை. உலகெங்கும் 110 கோடி இளையோரின் செவிப்புலன் இத்தகைய பழக்கங்களால் ஆபத்துக்குள்ளாகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் எச்சரித்தது.

இரைச்சலை அடியோடு போக்கும் மருந்து இன்றளவும் இல்லை. வாழும் வழி இருக்கிறது. இரவின் அமைதியில்தான் அது பெரிதாகக் கேட்கும் என்பதால், மின்விசிறி, மழையோசை போன்ற மெல்லிய ஒலியைப் படுக்கையறையில் ஓடவிடுவது பலருக்கு உறக்கம் தருகிறது. கேட்கும் திறன் குறைந்தோருக்குச் செவிப்புலன் கருவி இரைச்சலையும் தணிக்கக்கூடும். பயந்து நாள் முழுதும் காதை அடைத்துக்கொண்டு திரிவது தவறு. அது சாதாரண ஒலியையும் தாங்கமாட்டாத நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித் துடிப்புடன் சேர்ந்து இரைந்தாலோ மருத்துவரைக் காணவேண்டும். திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தால் அன்றே செல்லவேண்டும். சில நாட் தாமதமும் சிகிச்சையின் பயனைக் குறைத்துவிடும்.

இரைச்சலால் வரும் துயரத்தைக் குறைப்பதில் நல்ல பயன் கண்டது, எண்ணங்களையும் நடத்தையையும் நெறிப்படுத்தும் உளச் சிகிச்சையே. இங்குதான் எமது சமூகத்தின் தடை எழுகிறது. “என்னை விசர் எண்டு நினைச்சிட்டினம்” என்று தந்தை கோபத்துடன் எழுந்துவிடுகிறார். மொழிபெயர்க்க உடன் சென்ற மகளுக்கும் என்ன சொல்வதென்று தெரிவதில்லை. இளையோரே, நீங்கள் மருத்துவரிடம் அப்பாவுடன் செல்லும்போது ஒன்றை அவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்: இரைச்சல் மெய்யானது, அதனை ஆபத்தாகக் கருதாதிருக்க மூளையைப் பழக்குவதே இச்சிகிச்சை.

இதனினும் கொடியது, அவர்கள் மெல்ல மெல்லச் சபையிலிருந்து விலகிப்போவது. மண்டபத்துக்கு வந்தால் இரண்டு நாள் இரைச்சல் கூடும் என்று அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். உறவினரோ “பெருமை பிடித்தவர், வரமாட்டார்” என்கின்றனர். தனிமைக்கு மருந்தாக இருக்கவேண்டிய எமது ஒன்றுகூடல்கள், தமது சத்தத்தாலேயே எம்மவரை வெளியே தள்ளுகின்றன.

சுவிற்சர்லாந்தில் 2019 யூன் மாதம் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, ஒலிபெருக்கி கொண்ட நிகழ்ச்சியின் ஒலி மணித்தியாலச் சராசரியில் 93 டெசிபலைத் தாண்டுமாயின் முன்கூட்டியே அறிவித்து, வருவோருக்குக் காதடைப்பான்களை இலவசமாக வழங்கவேண்டும். 100க்கு மேல் அனுமதியில்லை. முதன்மையாக 16 வயதுக்குக் குறைந்தோருக்கான நிகழ்ச்சியாயின் 93ஐத் தாண்டவே கூடாது. பூப்புனித நீராட்டு விழா சிறுவர் நிகழ்ச்சி அல்ல என்று எவரேனும் சட்டம் பேசலாம். மேடையில் ஒலிபெருக்கிக்கு அருகே அமர்ந்திருப்பவள் பதின்மூன்று வயதுப் பிள்ளை.

எந்த நாட்டில் வாழ்ந்தாலும் இந்த 93ஐ எமது அமைப்புகளும் பெற்றோரும் தமக்கு விதியாக்கிக்கொள்ளலாம். ஒலியமைப்பாளருக்கு முற்பணம் கொடுக்கும்போதே அதனை எழுத்தில் பெறுங்கள். கைத்தொலைபேசியில் இயங்கும் இலவச ஒலிமானி மிகத் துல்லியமானது அன்றெனினும், ஓர் இளைஞர் மண்டபத்தின் நடுவில் நின்று பார்த்துச் சொல்வதற்கு அது போதும். ஒலிபெருக்கிகளுக்கு எதிரே உள்ள முன்வரிசையைக் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஒதுக்கும் வழக்கத்தை மாற்றுங்கள். சந்தனமும் குங்குமமும் கற்கண்டும் வைக்கும் வரவேற்பு மேசையில் ஒரு தட்டுக் காதடைப்பான்களையும் வையுங்கள். பஞ்சுபோன்ற அவற்றை விரல்களால் மெல்லியதாக உருட்டி, காதின் மேற்பகுதியைச் சற்று உயர்த்திப் பிடித்துச் செருகி, விரியும்வரை அழுத்தியிருக்கவேண்டும். கைக்குழந்தைகளுக்கு அவை பொருந்தா. காதை முழுதும் மூடும் கவசம் கடைகளில் கிடைக்கிறது.