தாளம் தவறிய இதயமும் தவக்காலக் கீரையும்



சென்ற தவக்காலத்தின் நான்காம் வாரத்தில் நோயில் பூசுதல் அளிக்க ஓர் இல்லத்திற்கு அழைக்கப்பட்டேன். எம் பங்கின் பாடகர் குழுவில் நெடுங்காலம் பாடிவந்த அம்மையார் ஒருவர், வலக் கையும் காலும் செயலிழந்து, பேச்சும் எழாமல் கிடந்தார்.

சிறு வயதில் கண்ட 'ருமாட்டிக்' காய்ச்சலால் அவருடைய இதய வால்வு சுருங்கியிருந்தது. துடிப்பும் ஒழுங்கு தவறியிருந்தது. அத்தகைய இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக் கொண்டிருக்கும். அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்று அடைத்தால் பக்கவாதம். அதைத் தடுக்கவே வார்ஃபரின் என்னும் மாத்திரையை அவருக்குக் கொடுத்திருந்தனர்.

அம்மையாரோ சாம்பல் புதன் முதல் புலாலை ஒறுத்து, நாள்தோறும் கீரையே உண்டார். மாலைத் திருப்பலி உள்ள நாள்களில், நற்கருணைக்கு முன் எதுவும் உட்கொள்ளலாகாது என்று மாத்திரையை ஒத்திவைத்து, பின்னர் மறந்தும் போனார். வார்ஃபரின் உயிர்ச்சத்து 'கே'யின் செயலைத் தடுத்து வேலை செய்வது. கீரையிலோ அச்சத்து மிகுதி. ஆகவே உண்ட சில மாத்திரைகளும் வலுவிழந்தன.

இதை அவருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? மருத்துவருக்கு நேரமில்லை. மருந்துக் கடைக்காரர் பொட்டலம் கட்டித் தந்ததோடு சரி. மகன் வெளியூரில். நானோ பீடத்தருகே நின்று ஒறுத்தலைப் பற்றி உரக்கப் போதித்துக் கொண்டிருந்தேன்.

நீரும் மருந்தும் நற்கருணை நோன்பை முறிப்பதில்லை என்பது திருச்சபைச் சட்டம். அதை அன்று ஒரு முறை அறிவித்திருந்தால்! (நள்ளிரவு முதல் நோன்பிருந்த பழக்கம் நம் முதியோரை இன்னும் விட்டபாடில்லை.)

கீரையை அறவே விலக்கவும் வேண்டியதில்லை. அளவு திடீரென்று கூடாமலும் குறையாமலும் இருந்தால் போதும். ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையின் எண் பெரும்பாலோருக்கு 2க்கும் 3க்கும் இடையே நிற்க வேண்டும். குறைந்தால் இரத்தம் உறையும், மிஞ்சினால் கசியும். இப்பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகளும் உள்ளன. ஆயினும் இவ்வம்மையாரைப் போல் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதுற்றோருக்குப் பழைய வகையே மேலானது என்று 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

இவ்வளவையும் மருத்துவர் ஒருவரே கவனிக்க இயலுமா? நெதர்லாந்து நாட்டின் மாஸ்ட்ரிக்ட் நகரில் இத்தகைய நோயாளர் 712 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவருக்கு, இதய மருத்துவரின் மேற்பார்வையில் தனிப்பயிற்சி பெற்ற செவிலியர் அமர்ந்து விளக்கி, விசாரித்து, தொடர்ந்து கவனித்தார். 2012இல் வெளியான முடிவின்படி, இதய, இரத்தக்குழாய் நோயால் மருத்துவமனையில் சேர்ந்தோரும் இறந்தோரும் முதற்பிரிவில் நூற்றுக்கு 20.8, செவிலியர் கவனித்த பிரிவில் 14.3. ஆனால் பல மருத்துவமனைகளில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவாக அத்தகைய வெற்றி கிட்டவில்லை. இப்பணியில் பழகித் தேர்ந்த இடங்களில்தான் பலன் தெரிந்தது. பெயருக்குக் குழு அமைப்பதால் பயனில்லை என்றே நான் புரிந்து கொள்கிறேன். எத்தனை பங்குப் பேரவைகளைப் பார்த்திருக்கிறேன்!

நம் ஊர்களில் இத்தகைய குழு எல்லார்க்கும் எட்டுவதன்று. இருக்குமிடத்தில் கேட்டுப் பெறுங்கள். எட்டாதவர்க்காக எம் பங்கில் சிறு ஏற்பாடு ஒன்று செய்துள்ளோம். மருந்தகச் சகோதரி, வார்ஃபரின் உண்போருக்கு ஒரு குறிப்பேடு கொடுத்துள்ளார். உண்ட மாத்திரை, பரிசோதனை நாள், எண் ஆகியன அதில் ஏறும். பல் பிடுங்கவோ வலி மாத்திரை வாங்கவோ சென்றால் அதைக் காட்ட வேண்டும். எண் மாறினால் சகோதரி தாமாக மருந்தை மாற்றுவதில்லை; மருத்துவருக்குத் தெரிவிக்கிறார்.

அம்மையார் இப்போது சில சொற்கள் பேசுகிறார், பாட இயலவில்லை. அவரது குறிப்பேட்டைப் பாடகர் குழுவின் மாணவி ஒருத்தி எழுதி வருகிறாள். மாலையில் மாத்திரையை அவர் விழுங்கிய பின்னரே அவள் பாடற்பயிற்சிக்கு வருகிறாள். தாமதமாகத்தான் வருகிறாள், நாங்கள் காத்திருக்கிறோம்.