தைலத்துக்கு அடங்காத முதுகுவலி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் முதுகுவலியை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. குழித்தறியில் காலை இறக்கி, நாளெல்லாம் குனிந்து நெய்தால் முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் தறியில் உட்கார்ந்துவிடுவார்கள். பெரியவர்களோடு இது நின்றால் சரி. அப்படியொரு வீட்டில் தலசீமியா உள்ள பிள்ளை "முதுகு வலிக்குதும்மா" என்றால் அதற்கும் தைலம்தான் கிடைக்கும். அந்த வலி முதுகெலும்பு நசுங்கியதால் வந்ததாகவும் இருக்கலாம்.

இந்தப் பரம்பரை ரத்த நோய் அடையாளம் காணப்பட்டதிலேயே எலும்புக்குப் பங்கு உண்டு. 1925-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி விவரித்த குழந்தைகளுக்குக் கடும் ரத்தசோகையும் வீங்கிய மண்ணீரலும் மட்டுமல்ல, மண்டையோட்டிலும் முகத்திலும் எலும்பு மாற்றங்களும் இருந்தன. நூறு ஆண்டு கழித்து, பெற்றோர் தூக்கிக்கொண்டு அலையும் ஃபைலில் ஹீமோகுளோபின் இருக்கிறது, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இருக்கிறது. எலும்பைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

உடம்புக்குள் நடப்பது இது: சிவப்பணுக்கள் சரியாக உருவாகாததால் எலும்பு மஜ்ஜை மேலும் மேலும் உற்பத்தி செய்யப் பார்க்கிறது. அதில் மஜ்ஜை பெருத்து, சுற்றியுள்ள எலும்பை மெலிய வைக்கிறது. இதை அடக்கத்தான் இரண்டு முதல் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறார்கள். ஏற்றுவதற்கு முன்பும் ஹீமோகுளோபின் 9.5-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது கணக்கு. "நல்லாத்தானே ஓடியாடுறான், சேலையை அறுத்துட்டு அடுத்த வாரம் போகலாம்" என்று ஒரு குடும்பம் தள்ளிப்போடுவதில் அலட்சியம் கொஞ்சம், அன்றைய கூலி நிறைய. ஆனால் மஜ்ஜை அந்த ஒரு வாரமும் சும்மா இருப்பதில்லை.

ரத்தம் ஏற்றினாலும் தொல்லை தீர்வதில்லை. ஒவ்வொரு யூனிட்டிலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. அதை வெளியேற்ற மாத்திரை தவறாமல் போடாவிட்டால் இரும்பு பிட்யூட்டரி சுரப்பியில் படிந்து பருவமடைவதையே தாமதப்படுத்தும். எலும்பு வலுவேற வேண்டிய வயது அதுதான். போதாக்குறைக்கு வைட்டமின் டி குறைபாடு வேறு; காஞ்சிபுரத்து வெயில் அரையிருட்டான தறிவீட்டுக்குள் எட்டிப் பார்க்காது.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி.யில் 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கிவிட்டது. பொருத்தமான கொடையாளர் கிடைத்த பிள்ளைக்கு அது மறுபிறவி. கிடைக்காதவர்கள் ரத்த வங்கியை நம்பியே வளர வேண்டும். மாற்றுத்திறன் நிலைகளின் பட்டியலிலும் தலசீமியா ஏறிவிட்டது: 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைச் சேர்த்திருக்கிறது.

பத்து வயதிலிருந்து எலும்பின் அடர்த்தியை டெக்ஸா ஸ்கேனில் பார்க்க வேண்டும் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். எல்லா ஊரிலும் அந்த இயந்திரம் இருக்காது என்பது உண்மை. ஆனால் பிள்ளையை நிற்கவைத்து ஒரு முறை, உட்காரவைத்து ஒரு முறை உயரம் அளக்க டேப் போதும். கால் வளர்ந்து முதுகு மட்டும் வளராமல் நின்றால் அந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும். ரத்தம் ஏற்றப் படுக்கவைக்கும் முன் இரண்டு நிமிட வேலை.