ஏழாம் வேற்றுமை விமர்சனம்

'மௌனியின் வாக்கியம் ஏன் தடுமாறுகிறது?' – இது நான் அனுப்பிய கட்டுரையின் தலைப்பு. அச்சாகி வந்த தொகுதியில் அது 'மௌனி சிறுகதைகளில் மொழிநடை' என்று ஆகியிருந்தது. யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று கேட்டேன். மற்ற தலைப்புகளெல்லாம் அந்த மாதிரி இருந்ததால் ஒரு ஒழுங்குக்காக மாற்றியதாக, மிகுந்த மரியாதையோடு, பதில் வந்தது. தப்பாக ஒன்றும் நேர்ந்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒரு கேள்விக்குறி போயிற்று, அவ்வளவுதானே.

தொகுதியைப் புரட்டினேன். நூற்றுச் சொச்சம் கட்டுரைகள். சிலப்பதிகாரத்தில் அறம். குறுந்தொகையில் பறவைகள். ஜெயகாந்தன் நாவல்களில் பெண்கள். புதுமைப்பித்தன் சிறுகதைகளில் சமுதாயச் சிந்தனைகள். ஒன்றில் இன்னொன்று. ஒரு பாத்திரம், அதற்குள் கிடக்கிற ஒரு பண்டம். மூடியைத் திறந்து, உள்ளே பண்டம் இருக்கிறது என்று அறிவித்து, மூடிவிட வேண்டியது. நம் பல்கலைக்கழகங்களின் விமர்சனக் கோட்பாடு என்று ஒன்று உண்டென்றால் அது இந்த ஏழாம் வேற்றுமை உருபுதான். அமைப்பியல் வந்தது, பின்நவீனத்துவம் வந்தது, பெண்ணியம், தலித்தியம், சூழலியல் எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் 'இல்' விழுங்கிவிட்டது. 'சங்க இலக்கியத்தில் சூழலியல்' என்றாகிவிட்டது சூழலியல். (ஐந்தாம் வேற்றுமைக்கும் 'இல்' உண்டு, நீங்கல் பொருளில், என்கிறது நன்னூல். இலக்கியம் நீங்கிவிட்டது என்ற பொருளில் இந்தத் தலைப்புகளைப் படித்தால் ஒரு நேர்மை கிடைக்கிறது.)

நான் அங்கே போனதற்கு என்னைத் தவிர வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஊரையும் கல்லூரியையும் சொல்லப்போவதில்லை. சொல்லி என்ன? எந்த மாவட்டத்துக்காரரும் தம் ஊர் என்றுதான் நினைப்பார். இரண்டு நாள் பன்னாட்டுக் கருத்தரங்கம். பன்னாடு என்பது கடல் தாண்டியிருந்த ஒருவர் வாழ்த்துரையைத் திரையில் பேசி அனுப்பியதால் வந்தது. கட்டுரை நான்கு பக்கத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும், எழுத்தின் அளவு இன்னது, வரி இடைவெளி இன்னது, பதிவுக் கட்டணம் இவ்வளவு, செலுத்திய ரசீதின் படத்தை இணைக்க வேண்டும் என்றெல்லாம் அறிவிப்பில் துல்லியமாக இருந்தது. கட்டுரையில் புதிதாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் எங்கும் இல்லை.

காலை ஒன்பது மணிக்குப் போனதும் ஒரு பை கொடுத்தார்கள். பைக்குள் பேனா, குறிப்பேடு, சாப்பாட்டு டோக்கன், அப்புறம் அந்தத் தடித்த தொகுதி. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு கட்டுரைகூட இன்னும் வாசிக்கப்படவில்லை. ஆனால் எல்லாம் அச்சாகி, அட்டை போட்டு, ஐ.எஸ்.பி.என். எண்ணோடு கையில் இருக்கிறது. யார் எழுந்து என்ன ஆட்சேபம் சொன்னாலும் ஒரு கால்புள்ளி நகராது. அப்படியானால் வாசிப்பது எதற்கு? அரைகுறையாய் இருக்கும் ஒரு எண்ணத்தை, அதே விஷயத்தில் உழல்கிறவர்கள் முன் வைத்து, அடி வாங்கித் திருத்திக்கொண்டு அச்சுக்குக் கொடுப்பது – மாநாடு என்ற ஏற்பாட்டுக்கு இதைத் தவிர என்ன நியாயம் உண்டு? தனிநாயகம் அடிகள் முன்னின்று 1966-இல் கோலாலம்பூரில் நடத்திய முதல் உலகத் தமிழ் மாநாட்டின் கட்டுரைத் தொகுதிகள் 1968-லும் 1969-லும்தான் வெளிவந்தன. அந்தத் தாமதத்தைத் திறமைக்குறைவு என்று இன்று சிரிப்பார்கள்.

ஐ.எஸ்.பி.என். பற்றியும் ஒரு வார்த்தை. பதின்மூன்று இலக்கம். ஒரு புத்தகத்தை இன்னொரு புத்தகத்திலிருந்து பிரித்து அடையாளம் காண்பதற்காகப் புத்தக வியாபாரத்துக்கு ஏற்பட்ட எண். நம் நாட்டில் விண்ணப்பித்தால் இலவசமாகவே கிடைக்கிறது. சமையல் குறிப்புக்கும் உண்டு, ஜோதிடத்துக்கும் உண்டு. இதை ஏதோ தர முத்திரை மாதிரி, ஐ.எஸ்.ஐ. மார்க் மாதிரி, அழைப்பிதழிலேயே தடித்த எழுத்தில் போடுகிறார்கள். கடையில் பொருளுக்கு ஒட்டின சீட்டைப் பரிசுப் பதக்கமாக நெஞ்சில் குத்திக்கொண்டு நடக்கிற மனிதனை நினைத்துப் பார்க்கிறேன்.

தொடக்க விழா பன்னிரண்டேகால் வரை நடந்தது. பொன்னாடைகள், குத்துவிளக்கு, புகழுரை. அதற்குப் பிறகு 'இணை அமர்வுகள்'. நான் இருந்த வகுப்பறையின் கரும்பலகையில் முந்தைய நாள் வணிகவியல் பாடம் அழிக்கப்படாமல் இருந்தது: தேய்மானக் கணக்கு. ஆளுக்கு ஆறு நிமிஷம். வாசித்தவர்கள் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். வாசிக்காமலே வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. சான்றிதழ்களில் அமர்வுத் தலைவரின் கையெழுத்து முதலிலேயே இடப்பட்டிருந்தது. நான் வங்கியில் குமாஸ்தா. நிரப்பாத வவுச்சரில் ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டுவைத்தால் அங்கே அதற்கு விசாரணை, குற்றப்பத்திரிகை, சம்பள உயர்வு நிறுத்தம் எல்லாம் உண்டு. ஐந்நூறு ரூபாய்க்கு இருக்கும் ஜாக்கிரதை இலக்கியத்துக்கு வேண்டாம் போலிருக்கிறது. என் சான்றிதழில் என்னை உதவிப் பேராசிரியர் என்று அச்சிட்டிருந்தார்கள். வேறு ஜாதி மனிதன் அங்கே வருவான் என்று எதிர்பார்க்கவில்லை.

இதை ஆசிரியர்களின் சோம்பேறித்தனம் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். நான் அப்படிச் சொல்லவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் ஆசிரியர்களின் வேலைக்கு மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தது. 2018 விதிகளின் அட்டவணைப்படி வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் 7, உள்நாட்டிலேயே பன்னாட்டுக் கருத்தரங்கு என்றால் 5, தேசிய அளவில் 3, மாநில அளவில் 2. பிஎச்.டி. மாணவன் ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகள் வாசித்தே ஆக வேண்டும் என்பது 2016 விதி. 2022-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். விதி போயிற்று, கடை மூடவில்லை. 3-க்கும் 5-க்கும் உள்ள அந்த இரண்டு மதிப்பெண் வித்தியாசம்தான் கடல் கடந்த வாழ்த்துரைக்குக் காரணம். ஊதியம் போதாமல், நிரந்தரமும் இல்லாமல், கௌரவ விரிவுரையாளராக வருஷக்கணக்கில் இருக்கும் ஒரு இளைஞன், இந்த மதிப்பெண்ணுக்காகப் பதிவுக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டுகிறான். அவனை நான் கேலி செய்யமாட்டேன். நானும் இன்கிரிமென்டுக்காக ஜே.ஏ.ஐ.ஐ.பி. எழுதியவன். ஆனால் அந்த விடைத்தாளை யாரும் தொகுத்து, அட்டை போட்டு, இலக்கிய ஆராய்ச்சி என்று நூலகத்தில் அடுக்கவில்லை. இங்கே அடுக்குகிறார்கள். நாளைக்கு ஒரு மாணவன் மௌனியைத் தேடி நூலகத்துக்குப் போனால் அவன் கைக்கு முதலில் வருவது இந்தத் தொகுதிகளாக இருக்கும். மௌனி வாங்கியிருக்கமாட்டார்கள்.

எண்ணிக்கை எடுப்பதும் பட்டியல் போடுவதும்தான் குற்றம் என்று நம்மில் சிலர் சொல்வார்கள். அது ரசிகத் திமிர். நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, டோரு மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் திரட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றி, 1978-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். பட்டியல்தான். ஆனால் அந்தப் பட்டியலுக்குப் பின்னால் கேள்விகள் இருந்தன: நிலம் யார் கையில் இருந்தது, பட்டம் யாருக்குப் போயிற்று, இது எந்தக் காலத்தில் மாறியது? குறுந்தொகையில் பறவைகளை எண்ணியவரிடம் கேளுங்கள், எதற்காக எண்ணினீர்கள் என்று. இதே கராஷிமாதான் உலகத் தமிழாராய்ச்சி மன்றத் தலைவராக இருந்தபோது, தமிழக அரசு சில மாத அவகாசத்தில் ஒன்பதாவது உலகத் தமிழ் மாநாட்டை நடத்தக் கேட்டதற்கு, ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு அந்த அவகாசம் போதாது என்று இணங்க மறுத்தார். 2010 ஜூனில் கோவையில் நடந்தது அதனால்தான் உலகத் தமிழ் மாநாடாக இல்லாமல் செம்மொழி மாநாடாக நடந்தது. கட்டுரைக்கு நேரம் வேண்டும் என்ற எளிய விஷயத்துக்காக ஒரு அரசாங்கத்திடம் முடியாது என்று சொல்ல ஒரு ஜப்பானியர் வேண்டியிருந்தது, நமக்கு.

நமக்கு என்று சொன்னேன். நம்மையும்தான் சொல்கிறேன். சி. சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையை 1959-இல் ஆரம்பித்து 119 இதழ்கள் கொண்டுவந்தார். அந்த நாளில் கல்லூரித் தமிழ்த் துறைக்குப் புதுக்கவிதை என்றால் இளக்காரம். அந்த இளக்காரத்தில் ஒரு நன்மை இருந்தது: எதிரே ஆள் இருந்தான், அவனோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. இன்றைக்குத் துறை நம்மை இருகை நீட்டி வரவேற்கிறது. பண்டிதர்களைப் பத்தி பத்தியாக வைது எழுதிய நம் நண்பர்கள், தம் பெயரைப் போட்டு 'படைப்புகள் – பன்முகப் பார்வை' என்று கருத்தரங்கு நடந்தால் முன்வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தம் கவிதைகளில் உவமைகள் எத்தனை என்று ஒருவர் எண்ணிச் சொல்லும்போது தலையாட்டுகிறார்கள். எதிர்த்து ஒரு வார்த்தை? மாட்டார்கள். பாடப்புத்தகத்தில் சேர வேண்டும், அகாதமிப் பட்டியலில் வர வேண்டும். போன வருஷம் இதையே ஒரு நண்பரிடம் நேரில் சொன்னேன். 'நம்மைப் படிக்கிறதே முப்பது பேர், இவர்களாவது படிக்கட்டுமே' என்றார். படிக்கவில்லை சார், எண்ணுகிறார்கள்.

என் ஆறு நிமிஷத்துக்கு வருகிறேன். மௌனி 24 கதைகள் எழுதினார். அவருக்குத் தமிழ் வாக்கியம் வசப்படவில்லை என்று ஒரு கட்சி, அந்தத் திணறலே தவம் என்று ஒரு கட்சி. அச்சுக்குப் போகும் முன் நண்பர்கள் திருத்திக் கொடுத்தார்கள் என்ற பேச்சும் நம்மிடையே நெடுநாளாக உண்டு. நான் சொல்ல முயன்றது இவ்வளவுதான்: தடுமாற்றம் இரண்டு வகை. சொல்லுக்கு எட்டாத ஒன்றைத் தொடப் போய்த் தடுமாறுவது ஒன்று, வெறுமனே எழுவாய்க்கும் பயனிலைக்கும் வழி தவறுவது ஒன்று. இரண்டையும் பிரிக்காமல் கும்பிடுவதும் குற்றம், ஏசுவதும் குற்றம். இதைப் பாதி சொல்வதற்குள் மணி அடித்தார்கள்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். 'சார், எந்த வாக்கியம் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? உங்களுக்கு மௌனியைப் பிடிக்கும் என்பதால் முதல் வகையில் அதிகம் சேர்த்துவிட மாட்டீர்களா?'

இரண்டு நாளில் அங்கே பேசப்பட்ட ஒரே விமர்சன வாக்கியம் அது. எனக்கு வியர்த்துவிட்டது. அமர்வுத் தலைவர், 'நல்ல கேள்வி, நேரம் கருதி இத்துடன்' என்றார். ஒன்றரைக்கு மேல் சாப்பாட்டு டோக்கன் செல்லாது.

பந்தியில் அவளைத் தேடினேன். தண்ணீர் பாட்டில் விநியோகித்துக்கொண்டிருந்தாள். கட்டுரை வாசிக்க வந்தவள் இல்லை. அந்தக் கல்லூரியிலேயே எம்.ஏ. முதல் வருஷம், தொண்டர் வேலைக்கு நியமித்திருந்தார்கள். வகுப்பறைகளுக்குத் தண்ணீர் வைக்க வந்தவள் உட்கார்ந்துவிட்டாள். 'அந்தப் பதில் இந்தப் புத்தகத்தில் இருக்கா சார்?' என்று தொகுதியைக் காட்டினாள். இல்லை என்றேன். அவள் பெயர் எந்தச் சான்றிதழிலும் வராது, மதிப்பெண்ணும் கிடையாது.

அதற்குப் பிறகு ராத்திரிகளில் ஒரு காரியம் செய்து பார்க்கிறேன். மௌனியின் இடறும் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இலக்கண சுத்தமாகத் திருப்பி எழுதி, எது தொலைகிறது என்று பார்ப்பது. எதுவும் தொலையவில்லை என்றால் அது வெறும் பிழை. சில வாக்கியங்களில் கணக்கு நேராகிறது. சிலவற்றில், தொலைந்தது மௌனியுடையதா, என் திருத்தத்தின் மொண்ணைத்தனத்தால் வந்ததா என்று தெரியவில்லை. அந்தப் பெண் கேட்டது திரும்பவும் அங்கேயே வந்து நிற்கிறது. திருத்திப் பார்த்தவற்றில் பதினொன்றை அடுத்த இதழுக்கு அனுப்புகிறேன். ஆசிரியர் தலைப்பைத் தொடாமல் போட வேண்டும். தப்பு என்று படுகிறவர்கள் எனக்கு எழுதட்டும், அவளுக்கும் ஒரு பிரதி போகும்.