‘ஆபிரிக்கா மாதிரி’ என்றால் எந்த ஆபிரிக்கா?

2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நாட்களில், லிங்கநகர்க் கடைவாசலில் இருந்து கம்பஸ் கன்ரீன் வரைக்கும் ஒரு வசனம் ஓடிக்கொண்டே இருந்தது: “நாடு இப்ப ஆபிரிக்கா மாதிரி ஆயிட்டு.” சொல்கிறவர் யோசிப்பதில்லை. கேட்கிறவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். 54 நாடுகள் இருக்கிற ஒரு கண்டத்தை ஒரே சொல்லுக்குள் மடித்து, அதற்கு ‘பஞ்சம்’ என்று பொருளும் சொல்லியாச்சு.

அந்த வசனத்தில் இளக்காரம் இருக்கிறது, அது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை வேறு. வறுமை என்பது ஒரு மண்ணின் குணம், வெயில் மாதிரி, மழை மாதிரி என்று அது நம்மை நம்ப வைக்கிறது. அப்படி நம்பிவிட்டால் யார் என்ன முடிவு எடுத்தார்கள், காசு எங்கே போனது என்று கேட்கத் தேவையில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் அந்த வசனத்தைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு பார்க்கப் போகிறேன். சரி, ஆபிரிக்கா மாதிரிதான். எந்த ஆபிரிக்கா? மொரிசியஸா, சாம்பியாவா?

இந்த ரெண்டையும் எடுத்ததற்குக் காரணம் இருக்கு. ரெண்டும் எங்களைப் போலவே பிரித்தானியாவின் கீழ் இருந்தவை. சாம்பியா 1964 ஒக்டோபர் 24இலும், மொரிசியஸ் 1968 மார்ச் 12இலும் சுதந்திரம் அடைந்தன. ரெண்டுமே ஒரே ஒரு பொருளை நம்பியிருந்த நாடுகள். சாம்பியாவுக்குச் செம்பு, மொரிசியஸுக்குச் சீனி. நாங்கள் தேயிலையை நம்பியிருந்த மாதிரி.

அந்தக் காலத்தில் யாரிடமாவது “இதில் எது முன்னேறும்?” என்று கேட்டிருந்தால், சாம்பியா என்றுதான் சொல்லியிருப்பார்கள். இலங்கையைப் போல 11 மடங்குக்கு மேல் பெரிய நிலம், நிறையச் செம்பு, சுற்றியிருந்த பல நாடுகளை விடக் கூடின வருமானம். மொரிசியஸ் மொத்தமாகவே 2,040 சதுர கிலோமீற்றர்தான். எங்கட திருகோணமலை மாவட்டம் 2,727. அதாவது எங்கட மாவட்டத்தை விடச் சின்ன ஒரு நாடு. சனம் நெருக்கி வாழ்ந்தது, சூறாவளி அடிக்கும், நிலத்துக்கு அடியில் ஒன்றும் இல்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் 1961இல் மொரிசியஸ் பற்றி அறிக்கை எழுதியபோது அதன் எதிர்காலத்தை இருட்டாகத்தான் பார்த்தார்.

இன்றைக்கு மொரிசியஸில் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் 10,000 டொலருக்கு மேல். சாம்பியாவில் அது 1,500 டொலரைக்கூட எட்டுவதில்லை. மொரிசியஸில் பிறக்கும் பிள்ளை 70 வயதைத் தாண்டி வாழும் என்று எதிர்பார்க்கலாம். சாம்பியாவில் அந்த எதிர்பார்ப்பு அறுபதுகளில்தான் நிற்கிறது. 2000ஆம் ஆண்டளவில் எயிட்ஸ் உச்சத்தில் இருந்தபோது அது நாற்பதுகளின் நடுவுக்கே இறங்கியிருந்தது. ஒரு தலைமுறை ஆசிரியர்களையும் தாதிமாரையும் சாம்பியா புதைத்தது என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம்.

ஏன் இப்படி ஆனது? “அவங்கள் கெட்டிக்காரங்கள், இவங்கள் சோம்பேறிகள்” என்பது பதில் இல்லை. சாம்பியா சுதந்திரம் பெற்றபோது முழு நாட்டிலும் பட்டதாரிகள் நூறு பேர் அளவில்தான் இருந்தார்கள். அதை விட்டுவிட்டுப் போனது பிரித்தானியா. கென்னத் கவுண்டாவின் அரசு செம்புக் காசில் பள்ளிக்கூடம் கட்டியது, ஆஸ்பத்திரி கட்டியது, 1966இல் சாம்பியப் பல்கலைக்கழகத்தைத் திறந்தது. நோக்கத்தில் குறை சொல்ல ஏலாது.

ஆனால் எல்லாமே ஒரே கயிற்றில் தொங்கியது. எழுபதுகளின் நடுவில் உலகச் சந்தையில் செம்பு விலை விழுந்தது. ‘திரும்ப ஏறும்’ என்று நம்பி அரசு கடன் வாங்கியது. விலை அவர்கள் எதிர்பார்த்தபடி ஏறவில்லை. கடன் ஏறியது. கடல் இல்லாத நாடு வேறு. வெள்ளையர் ஆட்சி நடந்த பக்கத்து ரொடீசியாவோடு பகை வந்ததும் செம்பு துறைமுகத்துக்குப் போகும் வழியே அடைபட்டது. சீனாவின் உதவியோடு தன்சானியா வரைக்கும் 1,860 கிலோமீற்றர் ரயில் பாதை போட்டுத்தான் மூச்சு விட்டார்கள். எண்பதுகளில் சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைக்காகச் சோளமாவு மானியத்தில் கை வைத்தார்கள். 1986இலும் 1990இலும் சனம் தெருவுக்கு இறங்கியது. சோளமாவு அங்கே நமக்குச் சோறு மாதிரி.

மொரிசியஸ் என்ன செய்தது? சீனித் தோட்டங்களைப் பறிக்கவில்லை. பிரெஞ்சு வழி வந்த பழைய முதலாளிமாரிடமே விட்டுவிட்டு, ஏற்றுமதியாகும் சீனிக்கு வரி போட்டது. நியாயமா என்று கேட்டால், முழுசா இல்லை. நல்ல நிலத்தில் பெரும்பங்கு இன்றைக்கும் கொஞ்சக் குடும்பங்களின் கையில்தான். ஆனால் அந்த வரிக்காசு இலவச வைத்தியத்துக்கும் படிப்புக்கும் போனது. எழுபதுகளின் நடுவில் இரண்டாம் நிலைக் கல்வியும் இலவசமானது. இன்னொன்று, சீனி விழும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. 1970இலேயே ஏற்றுமதி வலயச் சட்டம் கொண்டு வந்தார்கள். ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன, பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள். பிறகு உல்லாசப் பயணம், பிறகு வங்கித் தொழில். ஒரு காலில் நிற்கும்போதே அடுத்த காலை ஊன்றப் பார்த்தார்கள்.

“அவங்களுக்கு அதிர்ஷ்டம்” என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். 1975 தொடக்கம் ஐரோப்பா மொரிசியஸின் சீனியில் ஆண்டுக்கு 5 லட்சம் தொன் அளவுக்கு, பெரும்பாலும் உலக விலையை விடக் கூடின விலையில் வாங்கியது. சாம்பியாவின் செம்பை அப்படி யாரும் வாங்கவில்லை. சுற்றிலும் கடல் இருந்ததால் பக்கத்து நாட்டு யுத்தமும் மொரிசியஸுக்கு வரவில்லை. சாம்பியாவோ தென்னாபிரிக்க, ரொடீசிய விடுதலைப் போராளிகளுக்கு இடம் கொடுத்து, அதற்காகக் குண்டு வாங்கியது. இதைச் சொல்லாமல் ரெண்டையும் ஒப்பிட்டால் அது ஒப்பீடே இல்லை. ஆனால் அதிர்ஷ்டம் சாம்பியாவுக்கும் வந்தது. 2005இல் அதன் கடனில் பெரும்பகுதி தள்ளுபடியானது, செம்பு விலையும் ஏறியது. அந்த நல்ல காலத்தில்தான் 2012இல் சர்வதேசச் சந்தையில் கடன்முறி விற்றார்கள். 2020 நவம்பரில் வட்டி கட்ட முடியாமல் நின்றார்கள். கெட்ட காலம் எல்லா நாட்டுக்கும் வரும். நல்ல காலத்தில் என்ன செய்தோம் என்பதைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இப்ப எங்களிடம் வருவோம்.

படிப்பிலும் வைத்தியத்திலும் இலங்கை மொரிசியஸின் பக்கம்தான். சொல்லப்போனால் முந்தியே ஓடினோம். எங்கட இலவசக் கல்வி 1945இல் தொடங்கியது. ஆயுள் எதிர்பார்ப்பில் இன்றைக்கும் மொரிசியஸை விட ஓரளவு மேலேதான் நிற்கிறோம். ஆனால் கடன் விஷயத்தில் அச்சு அசலாகச் சாம்பியா. அவர்கள் 2012இல் கடன்முறி விற்றார்கள் என்றால் நாங்கள் 2007இலேயே விற்கத் தொடங்கிவிட்டோம். அவர்கள் 2020இல் கைவிரித்தார்கள், நாங்கள் 2022 ஏப்ரல் 12இல். அதற்குக் கொஞ்சம் முதல், மார்ச் கடைசியில், 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, நினைவிருக்கா? 2024இல் வறட்சியால் கரிபா நீர்த்தேக்கம் வற்றியபோது சாம்பியாக்காரர் அதை விடக் கூடின நேரம் இருட்டில் இருந்தார்கள். அந்த இருட்டு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அப்படியிருக்க, ‘ஆபிரிக்கா மாதிரி’ என்று மூக்கைச் சுழிக்க எங்களுக்கு என்ன தகுதி?

ஆனால் ஒரு விஷயத்தில் நாங்கள் மொரிசியஸ் மாதிரியும் இல்லை, சாம்பியா மாதிரியும் இல்லை.

சாம்பியாவில் எழுபதுக்கு மேற்பட்ட இனக்குழுக்கள். ‘ஒரே சாம்பியா, ஒரே தேசம்’ என்பது அவர்களுடைய முழக்கம். அந்த முழக்கத்தைச் சொல்லித்தான் கவுண்டா ஒரு கட்சி ஆட்சியும் நடத்தினார் என்பதையும் மறக்க வேண்டாம். இருந்தாலும் உள்நாட்டு யுத்தம் என்று ஒன்று அங்கே நடக்கவில்லை. 1991 தேர்தலில் தோற்றதும் அவர் பதவியை விட்டு இறங்கினார். மொரிசியஸில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிரியோல் மக்கள், சீனர், தமிழர் என்று எல்லாரும் உண்டு. தமிழர்கள் பிரெஞ்சுக் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்களாகப் போனவர்கள், பிறகு 1834க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். மன்னாரில் இறங்கி மலைநாட்டுக்கு நடந்த எங்கட மலையக மக்களின் முன்னோர் விட்டு வந்த அதே தமிழ்நாட்டுக் கிராமங்கள், அதே பஞ்சம்.

1948ஐப் பாருங்கள். அந்த ஆண்டு மொரிசியஸில் வந்த புதிய அரசியலமைப்பு, தீவில் பேசப்படும் மொழி ஏதாவது ஒன்றில் எளிமையாக எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. கூலிகளின் பிள்ளைகள் வாக்காளர் ஆனார்கள். அதே ஆண்டு இலங்கையில் வந்த பிரஜாவுரிமைச் சட்டம், 1931 தொடக்கம் சர்வசன வாக்குரிமை இருந்த நாட்டில், ஏறத்தாழ 7 லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. இன்னொரு திகதி: சாம்பியா தன் மக்களுக்குச் சுதந்திரம் கொண்டாடி ஆறே நாளில், 1964 ஒக்டோபர் 30இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். அந்தக் கணக்கை முடித்து வைக்க 2003 வரைக்கும் சட்டம் போட வேண்டியிருந்தது. அதற்கிடையில் தனிச்சிங்களச் சட்டம், கலவரங்கள், 26 வருட யுத்தம். சாம்பியாவுக்குச் செம்பு விலை விழுந்தது வெளியே நடந்த விஷயம். எங்களுக்கு விழுந்த அடி நாங்களே போட்டது.

மொரிசியஸ் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 1968இலும் அங்கே இனக்கலவரம் நடந்தது. 1999இல் கயா என்ற கிரியோல் பாடகர் பொலிஸ் காவலில் இறந்தபோது நாடே கொதித்தது. ஆபிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களில் பலருக்கு அந்தப் ‘பொருளாதார அற்புதம்’ வீட்டு வாசல் வரைக்கும் வரவில்லை. தியாகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைப்பதற்காகச் சாகோஸ் தீவுகளில் இருந்து துரத்தப்பட்டவர்களும் அங்கேதான் ஏழ்மையில் கிடந்தார்கள். தமிழர் நிலையும் கலப்புத்தான். நாணயத்தாளில் தமிழ் இருக்கு, தைப்பூசத்துக்கு அரச விடுமுறை இருக்கு, வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல். ஆனால் 1998இல் புதிய தாள்களில் தமிழின் இடம் கீழே தள்ளப்பட்டபோது அங்குள்ள தமிழர் தெருவுக்கு இறங்கினார்கள், அரசு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றது. மொழிப் பிரச்சினை ஒன்று ஆள் சாகாமல் தீர்ந்தது. இலங்கையில் வளர்ந்த எனக்கு அது சீனி ஏற்றுமதியை விடப் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

இதெல்லாம் திருகோணமலையில் இருக்கிற எங்களுக்கு எதற்கு? ஏனென்றால் எங்கட ஊரிலும் ஒரு ‘செம்பு’ இருக்கு. துறைமுகம். உலகத்தின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று சின்ன வகுப்பிலேயே பாடமாக்குகிறோம். பிரித்தானியக் கடற்படை 1957இல் போனபிறகு, இந்தத் துறைமுகம் எங்களைத் தூக்கிவிடும் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 2022 ஜனவரியில் 99 எண்ணெய்த் தாங்கிகள் பற்றி இந்தியாவோடு ஒப்பந்தம். 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் சேர்ந்து இங்கே எரிசக்தி மையம் அமைக்கப் புரிந்துணர்வு. நல்லது, வரட்டும். ஆனால் சாம்பியாவின் செம்பு நிலத்துக்கு அடியில் இன்னும் கிடக்கிறது, கரிபா அணைக்காக இடம்பெயர்ந்த தொங்கா மக்களின் கிராமங்கள் பல பத்தாண்டுகளாக அந்த அணையின் கரண்டைக் காணாமலே இருந்தன. வளம் ஊரில் இருப்பதும் ஊருக்கு வருவதும் ஒன்று இல்லை.

தேர்தல் வந்தால் மேடையில் ஏறி “திருகோணமலையைச் சிங்கப்பூர் ஆக்குவோம்” என்பார்கள். அப்போது கை தட்டாமல் மூன்று கேள்வி கேட்போம். துறைமுகத்தால் வரும் காசில் எத்தனை ரூபாய் மூதூர், வெருகல், குச்சவெளிப் பள்ளிக்கூடங்களுக்குப் போகும்? அந்தத் தாங்கிகளிலும் தொழிற்சாலைகளிலும் காவலாளியாக இல்லாமல் பொறியியலாளராக எங்கட பிள்ளைகள் போக இங்கே என்ன பயிற்சி இருக்கும்? தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று மூன்று பேரும் வாழும் மாவட்டத்தில், அந்தத் திட்டத்துக்காக யாருடைய காணி போகும், யாரைக் கேட்டு?

இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத வளர்ச்சி வெறும் சீமெந்து. மொரிசியஸ் பாதிப் பதில் வைத்திருந்தது, சாம்பியா பதிலைத் தேடும்போது காசு முடிந்துபோனது. நாங்கள் இன்னும் கேள்வியையே கேட்கத் தொடங்கவில்லை.