இரண்டு டிஸ்க் மாட்டினால் பேக்கப் ஆகிவிடாது

ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எழுதுவதை இன்னொன்றிலும் அப்படியே எழுதவைப்பது ரெய்டு 1. மிரர் என்றும் சொல்வார்கள். மூன்று, நான்கு டிஸ்க்குகளில் தரவைப் பிரித்துப்போட்டு, ஒன்று செத்தாலும் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு மீட்கும்படி பாரிட்டி சேர்த்து வைப்பது ரெய்டு 5. இரண்டும் நல்ல ஏற்பாடுகள்தான். இவை இருந்தால் பேக்கப் வேண்டாம் என்ற நம்பிக்கைதான் கேடு. கணினி அசெம்பிள் செய்து தரும் கடைகளின் கொட்டேஷனில் இன்றும் “ரெய்டு 1, டேட்டா சேஃப்” என்ற வரி வருகிறது. அந்த வரியைக் காட்டியே வெளி டிஸ்க்கைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை உதிரிபாகம் மாற்றும் வீடியோ எடிட்டருக்கும் இதே அறிவுரைதான். இது அறிவுரை அல்ல, பொறுப்பின்மை.

ரெய்டு எதற்காக வந்தது என்று பார்த்தாலே விஷயம் விளங்கும். 1988இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை, பெரிய விலையுயர்ந்த டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சிறிய டிஸ்க்குகளைக் கூட்டாகப் பயன்படுத்தலாம் என்றது. பல டிஸ்க் இருந்தால் ஏதாவது ஒன்று அடிக்கடி சாகும். அதனால் வேலை நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே உபரித் தரவு. தவறாக அழித்த கோப்பைத் திருப்பித் தருவதாக ரெய்டு எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அழி என்று கட்டளையிட்டால் மிரர் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழிக்கும். ரான்சம்வேர் வந்தாலும் இரண்டும் ஒன்றாகப் பூட்டப்படும்.

இதற்கு மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்துக்கு நடந்ததைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அங்கே முதன்மைத் தரவுத்தளத்துக்கு நகலாக இன்னொரு சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. 2017 ஜனவரி 31 இரவு, பின்தங்கிவிட்ட அந்த நகலைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர், நகலில் கொடுக்க வேண்டிய அழிப்புக் கட்டளையை முதன்மை சர்வரில் கொடுத்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. நகலோ முன்பே காலி. பேக்கப்பைத் தேடினால் அதுவும் இல்லை: தரவுத்தள மென்பொருள் 9.6 பதிப்புக்கு ஏறியிருக்க, பேக்கப் கருவி 9.2 பதிப்பில் ஓடித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச்சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக ஒருவர் கையால் எடுத்துவைத்த பிரதிதான் காப்பாற்றியது. அங்கே டிஸ்க் எதுவும் சாகவில்லை. கை தவறியது, அப்கிரேடுக்குப் பிறகு யாரும் பேக்கப்பைச் சோதிக்கவில்லை. அவ்வளவுதான்.

வீட்டுக் கணினியில் அதே இரவு எப்படி வரும் என்றால், மதர்போர்டு மாற்றும் நாளில் வரும். பலர் நம்பியிருப்பது மதர்போர்டின் பயாஸில் கிடைக்கும் ரெய்டை. அதன் கட்டமைப்புக் குறிப்பு அந்தந்தச் சிப்செட் தயாரிப்பாளரின் வடிவத்தில் இருக்கும். இன்டெல் போர்டில் கட்டிய ரெய்டை ஏஎம்டி போர்டின் பயாஸ் அடையாளம் காணாது. பயாஸ் அமைப்புகள் அழிந்து சாட்டா முறை மாறினாலே போதும், ரெய்டு சிதறித் தெரியும். அந்த நேரத்தில் விண்டோஸ் நிறுவும் திரையில் டிரைவ் 0, டிரைவ் 1 என்று இரண்டு வரிகள், இரண்டிலும் ஒரே 3726 ஜிபி, கீழே டெலீட் பொத்தான். கிட்லேபில் அனுபவமுள்ள பொறியாளரே சர்வரை மாற்றி அழித்தார் என்றால், நள்ளிரவில் கண் எரிய உட்கார்ந்திருப்பவர் எந்த டிரைவை அழிப்பார்?

டிஸ்க் நிஜமாகவே செத்தாலும் நிம்மதி இல்லை. நான்கு 4 டிபி டிஸ்க் கொண்ட ரெய்டு 5இல் ஒன்று போனால், மீட்க மற்ற மூன்றிலும் 12 டிபியை ஒரு பிழையும் இன்றி வாசிக்க வேண்டும். சாதாரண டிஸ்க்குகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் உறுதியோ, சுமார் 12.5 டிபிக்கு ஒரு வாசிப்புப் பிழைக்குள் இருக்கும் என்பதுதான். அதிலும் தயாரிப்பாளர்கள் எல்லாவற்றையும் வெளியே சொல்வதில்லை. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில், நாஸ் எனும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டிக்கென்றே விற்ற சில டிஸ்க்குகளில், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் முறையைச் சொல்லாமல் புகுத்தியிருந்தது 2020இல்தான் அம்பலமானது. இழந்த டிஸ்க்கை மீட்கும் நீண்ட எழுத்து வேலையில்தான் எஸ்எம்ஆர் தடுமாறும். இன்னொரு சிக்கலும் உண்டு: டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கரை விண்டோஸ் பல கணினிகளில் தானாகவே இயக்கிவிடுகிறது. மதர்போர்டு மாறினால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கிறது. அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று விற்றவர் எவரும் வாங்குபவரிடம் சொல்வதில்லை.

அடிக்கடி மாறும் கணினிக்குத் திட்டம் வேறு. இயங்குதளம் தனி எஸ்எஸ்டியில் இருக்கட்டும். தரவு டிஸ்க்குகளை மதர்போர்டை நம்பாத மென்பொருள் ரெய்டில் கட்ட வேண்டும். லினக்ஸின் எம்டி ரெய்டும் இசட்எஃப்எஸ்ஸும் தங்கள் குறிப்பை டிஸ்க்கிலேயே எழுதிவைப்பவை. எந்தப் போர்டில், எந்த வரிசையில் மாட்டினாலும் எடுத்துக்கொள்ளும். இசட்எஃப்எஸ் ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் வைத்து, சத்தமில்லாமல் கெட்ட தரவையும் கண்டுபிடிக்கும். மிரரில் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் பெரியதாக மாற்றினால் இடமும் பெருகும். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை ஸ்டிக்கரில் எழுதி, சாட்டா கேபிள் செருகும் பக்கத்தில் ஒட்ட வேண்டும். மூடியைத் திறந்தவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

இத்தனைக்கும் பிறகு பேக்கப் தனி. கணினியோடு எப்போதும் இணைந்திராத ஒரு டிஸ்க், வேறு வீட்டில் இன்னொன்று. அப்கிரேடுக்கு முந்தைய நாள் பேக்கப் எடுத்து, தரவு டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிட்டே இயங்குதளத்தை நிறுவ வேண்டும். புதிய கணினியில் பேக்கப்பிலிருந்து ஒரு ஃபோல்டரையாவது மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். கிட்லேபில் செய்யப்படாதது இதுதான். எச்சரிக்கை மின்னஞ்சல் வந்துசேருகிறதா என்று ஒரு சோதனை அஞ்சலும் அனுப்ப வேண்டும். இவை முடியும்வரை பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்யவோ விற்கவோ கூடாது.