நின்று குடிக்க ஆயிரம் கடை. உட்கார்ந்து குடிக்க இடம் எங்கே?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் மாலை நேரத் தவிப்பு

வேலை முடிந்தது. சட்டை வியர்வையில் ஊறிக் கிடக்கிறது. வீட்டுக்குப் போகும் முன் காற்றாட அரை மணி நேரம் உட்கார்ந்து, டீயோ மோரோ கரும்புச் சாறோ ஒரு கிளாஸ் குடித்தால் தேவலை என்று மனசு கேட்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இந்தச் சின்ன ஆசை நிறைவேறுவதுதான் பெரும்பாடு.

கடைக்குப் பஞ்சம் இல்லை. ரெயில் நிலைய வாசலில், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், கம்பெனி கேட்டுக்கு எதிரில் என்று திரும்பின பக்கமெல்லாம் டீக்கடை, ஜூஸ் கடை, தள்ளுவண்டி. பஞ்சம் நாற்காலிக்குத்தான். ஒரு கையில் கிளாஸ், மறு கையில் பை, முதுகுக்குப் பின்னால் ஆட்டோ ஆரன். நின்றபடியே குடித்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்!

இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்கலாம். வெயில் காலத்தில் இது உடம்பைப் பொறுத்த பிரச்சினை. காசு உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் நடுவே இருக்கும் பிரச்சினையும் கூட.

கடற்காற்று லேட்!

கோடையில் சென்னைவாசிகளைக் காப்பாற்றுவது கடற்காற்றுதான். பகலில் கடலைவிடத் தரை சீக்கிரம் சூடாகிறது. தரைக்கு மேல் உள்ள காற்று சூடாகி மேலே கிளம்ப, கடல் பக்கத்துக் குளிர்ந்த காற்று ஊருக்குள் நுழைகிறது.

இந்தக் காற்று முதலில் தொடுவது மெரினாவையும் மயிலாப்பூரையும். கடலில் இருந்து சுமார் 20 கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அது வந்து சேர நேரம் பிடிக்கும். மேற்கே இருந்து அனல் காற்று பலமாக வீசும் நாளில், சில நேரம் வந்து சேராமலே போய்விடும். பட்டணத்துக்காரர் "அப்பாடா" என்று மூச்சு விடும் நேரத்தில், மேற்கே இருப்பவர் இன்னும் விசிறிக்கொண்டுதான் இருப்பார்.

2003-ம் ஆண்டு மே மாதக் கடைசியில் சென்னையில் வெயில் 45 டிகிரி செல்சியசைத் தொட்டது. பழைய கணக்கில் 113 டிகிரி பாரன்ஹீட்!

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. வெப்ப அலையால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உயிரோடு இருப்பவருக்கு முதலில் தேவைப்படுவது நிழல், குடிக்க ஏதாவது, உட்கார ஒரு பெஞ்சு. இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

கோடையில் கட்சிக்காரர்கள் நீர்மோர்ப் பந்தல் போடுகிறார்கள். புண்ணியம்தான். அங்கேயும் நின்று குடிப்பதுதான் வழக்கம். கோடை முடிந்தால் பந்தலும் போய்விடும்.

உழைக்கிற ஊர்

மேற்குப் புறநகர் ஓய்வெடுக்க வந்தவர்களால் உருவான ஊர் அல்ல. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949-ல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் எழுந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் அமைந்தது. இன்றைக்கு லேத் பட்டறைக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் கம்பெனிகளும் உயர்ந்து நிற்கின்றன.

பகல் ஷிப்டு முடிந்து வருபவர், ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர், அரக்கோணம் லைன் ரெயிலைப் பிடிக்க ஓடுபவர், பூந்தமல்லியில் பஸ் மாறுகிறவர் என்று எந்நேரமும் கூட்டம். வேலைக்கு இடம், வீட்டுக்கு இடம், வண்டிக்கு ரோடு என்று ஒவ்வொன்றுக்கும் திட்டம் போட்டார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே மனுஷன் கொஞ்சம் உட்கார இடம் வேண்டும் என்பது திட்டத்தில் விட்டுப்போனது.

டீக்கடைக் கணக்கு

டீக்கடைக்காரரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. 2025 செப்டம்பர் முதல் சென்னைக் கடைகளில் டீ 15 ரூபாய், காபி 20 ரூபாய் என்று விலை ஏறியது. பால், சர்க்கரை, கியாஸ், மாஸ்டர் சம்பளம், கடை வாடகை எல்லாம் இந்தப் பதினைந்து ரூபாய்க்குள்தான் வரவேண்டும்.

ஒருவர் நின்று குடித்தால் 5 நிமிடத்தில் கிளாஸ் திரும்பி வரும். உட்கார்ந்து பேப்பர் படித்தபடி குடித்தால் 20 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் அதே இடத்தில் நாலு பேர் நின்று குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். மாலை 6 மணிக் கூட்டத்தில் எந்த முதலாளி பெஞ்சு போடுவார்?

துணிந்து போட்டாலும் பெஞ்சு பிளாட்பாரத்துக்கு வந்துவிடும். அப்புறம் ஆக்கிரமிப்பு என்று தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தக் காலத்து வீட்டில் திண்ணை இருந்தது, வழிப்போக்கர் உட்காரலாம். இப்போது கடை ஷட்டரும் சாக்கடை மூடியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவே திண்ணைக்கு ஏது இடம்?

பெண்கள் பாடு இன்னும் மோசம். ஆண்கள் கும்பலாக நிற்கும் டீக்கடை ஓரத்தில் ஒரு பெண் நின்று நிதானமாக டீ குடிக்க முடிவதில்லை. "பார்சல்" வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களும் அதே வெயிலில்தான் வேலை செய்துவிட்டு வருகிறார்கள்.

காசு இருந்தால் காற்று!

கையில் காசு இருந்தால் வழி இருக்கிறது. ஏ.சி. காபி ஷாப்புக்குள் போகலாம். பைபாஸ் ஓரத்துப் பெரிய ஓட்டல்களில் புல்தரையில் உட்காரலாம். மொட்டை மாடியில் விளக்குத் தோரணம் கட்டி மேஜை போட்ட இடங்களும் உண்டு. அங்கே ஒருவர் ஒரு காபிக்குக் கொடுக்கும் பணத்தில் டீக்கடையில் ஒரு குடும்பமே டீ குடித்துவிட்டு வடையும் சாப்பிடலாம். அந்த விலையில் பெரும் பங்கு காபிக்கு அல்ல, நாற்காலிக்கும் காற்றுக்கும்தான்.

மொட்டை மாடி என்றால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் 2017 டிசம்பர் 29-ந் தேதி நள்ளிரவுக்குப் பின் மாடி ஓட்டலில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். எளிதில் தீப்பிடிக்கும் கூரை, இறங்கத் திணறிய கூட்டம் என்று எல்லாம் சேர்ந்து கொண்டன. மாடியில் காற்று வாங்கப் போகிறவர் முதலில் இறங்கும் படிக்கட்டு எங்கே, இரண்டாவது வழி உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மிச்சம் இருப்பது பார்

காசு குறைவு. ஆனாலும் உட்கார வேண்டும். அப்படிப்பட்டவருக்கு இந்த வட்டாரத்தில் கதவு திறந்து வைத்திருப்பது எது? டாஸ்மாக் பார்!

மேஜை உண்டு. நாற்காலி உண்டு. தலைக்கு மேல் கூரை உண்டு. எழுந்து போ என்று அவசரப்படுத்த ஆள் இல்லை. சாராயத்துக்கு இருக்கும் நாற்காலி டீக்கு இல்லை என்பதுதான் வேதனை.

அந்தப் பாரிலும் காற்று கிடையாது. அடைத்த ஷெட்டு, புகை, வியர்வை நாற்றம். குடும்பத்தோடு போக முடியாது. குடித்துவிட்டு வெளியே பொது இடத்தில் போதையில் நின்றால், 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். திறந்த வெளியில் கௌரவமாக உட்கார்ந்து மது குடிப்பது நட்சத்திர ஓட்டலுக்கும் கிளப்புக்கும் போக முடிந்தவருக்கு மட்டுமே.

மதுச் சில்லறை விற்பனை 2003-ல் முழுக்க டாஸ்மாக் கைக்கு வந்தது. 2023 ஜூன் 22-ந் தேதி தமிழகம் முழுவதும் 500 கடைகள் மூடப்பட்டன. பெண்கள் வரவேற்றார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கடையை மூடுவது பாதி வேலை. சாயங்காலம் நாலு பேர் கூடிப் பேச, குடிக்காமல் உட்கார ஒரு இடம் கொடுத்தால்தான் மறு பாதியும் முடியும்.

ஏரிக்கரை இருக்கிறதே!

மேற்குப் புறநகருக்கு இயற்கை ஒரு சொத்து கொடுத்திருக்கிறது. ஏரி! அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடி பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு மேற்கே செம்பரம்பாக்கம். கடற்காற்று லேட்டானாலும் ஏரிக்கரையில் மாலையில் கொஞ்சம் காற்று அசையும்.

பருத்திப்பட்டில் 2019-ல் பசுமைப் பூங்கா திறந்தார்கள். நடைபாதை, படகுச் சவாரி எல்லாம் வந்தன. குப்பையும் கழிவுநீரும் சேர்ந்து கொண்டிருந்த கரைக்கு ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு வரத் தொடங்கினார்கள். இடம் சுத்தமாக இருந்தால் கூட்டம் தானாக வரும் என்பதற்கு இது சாட்சி.

எல்லா ஏரிக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. நாற்றம் அடிக்கும் கரையில் யார் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது?

தள்ளுவண்டிக்காரர் என்றால் விரட்டப்பட வேண்டியவர் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் வந்தது. அதன் முக்கிய அம்சங்கள்:

* ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

* ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது.

* எங்கே விற்கலாம், எங்கே விற்கக் கூடாது என்று இடம் குறித்துக் கொடுக்க வேண்டும். இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீசு தர வேண்டும்.

இடம் குறிப்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. 2020-ல் வந்த மத்திய அரசின் சுவநிதி திட்டத்தில் தெரு வியாபாரிக்கு வங்கிக் கடன் கிடைக்கிறது. கடன் வண்டி வாங்க உதவும். வண்டி நிற்க இடம் தராது. இடம் நிரந்தரம் என்று தெரிந்தால்தான் வியாபாரி நாலு ஸ்டூல் வாங்கிப் போடுவார். நாளைக்கு விரட்டுவார்களோ என்று பயப்படுகிறவர் ஸ்டூல் வாங்க மாட்டார்.

வாடகை கொடுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. "நாங்க அட்வான்சு, வாடகை, கரண்டு பில்லு எல்லாம் கட்டுறோம், எங்க வாசலை மறைச்சு வண்டியைப் போட்டா எப்படி?" என்பது அவர்கள் கேள்வி. சரியான கேள்விதான். வண்டிக்குத் தனி இடம் குறித்தால் கடை வாசலும் காலியாகும். சட்டத்தை அமல் செய்வதில் கடைக்காரருக்கும் லாபம் உண்டு.

மூன்று ஊர், மூன்று ஆபீஸ்

அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சி. பெரிய ரோடுகள் நெடுஞ்சாலைக்காரர் கையில். ஏரி பொதுப்பணித்துறை வழிவந்த நீர்வளத்துறை கையில். ஸ்டேஷன் வாசல் ரெயில்வேக்குச் சொந்தம். ஒரு பெஞ்சு போடச் சொல்லி மனு கொடுத்தால், "இது எங்க லிமிட்டு இல்லே" என்று சொல்லி அனுப்ப ஆபீசுக்குப் பஞ்சம் இல்லை!

செய்ய முடியாத காரியம் அல்ல

பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. சாப்பாடு டெலிவரி செய்யும் இளைஞர்கள் வெயிலில் அலைகிறார்களே என்று, அண்ணா நகரில் 2025 ஜூனில் சென்னை மாநகராட்சி ஏ.சி. ஓய்வறை திறந்தது. கடை ஊழியர்கள் நாள் முழுக்க நிற்கக் கூடாது, உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக சட்டசபை 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. உட்காருவதும் உழைப்பாளியின் தேவை என்று அரசே ஒப்புக்கொண்டாகிவிட்டது.

சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கேயும் ஒரு காலத்தில் ரோட்டோர வண்டிகள்தான். 1971-ல் தொடங்கி 1986 வரை, வண்டிக்காரர்களை விரட்டாமல், தண்ணீர், சாக்கடை, மேஜை நாற்காலியோடு கூரை போட்ட உணவுக் கூடங்கள் கட்டி அங்கே குடியேற்றினார்கள். நாலு பக்கமும் திறந்த கூடம்; காற்று வரும். அங்கே தேக்கா கூடத்தில் நம்ம ஊர்க்காரர்கள் உட்கார்ந்து "தே தாரிக்" குடிப்பதைப் பார்க்கலாம். கம்பெனி மானேஜரும் கட்டடத் தொழிலாளியும் ஒரே மேஜை. 2020-ல் யுனெஸ்கோ இந்தப் பழக்கத்தையே மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அவ்வளவு பெரிய கட்டடம் இங்கே உடனே வேண்டாம். அம்பத்தூர், ஆவடி ஸ்டேஷன்கள் பக்கம், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம், தொழிற்பேட்டைக்குள் ஓர் இடம், ஏரிக்கரைப் பூங்கா வாசல் என்று ஐந்தாறு இடம் போதும். வெயிலுக்குத் தகரம் வேண்டாம், கீற்றோ ஓடோ வேயலாம். சிமெண்டு பெஞ்சு, குடிதண்ணீர்க் குழாய், ராத்திரி வெளிச்சம், பெண்களுக்குக் கழிப்பறை. பிளாஸ்டிக் கப் 2019 ஜனவரி முதல் தடை. கண்ணாடி கிளாசும் கழுவத் தண்ணீரும் இருந்தால் குப்பையும் சேராது.

வியாபாரி நியாயமான தினவாடகை கொடுப்பார். உள்ளாட்சிக்கு வருமானம். ரோடு காலியானால் டிராபிக் போலீசாருக்கு நிம்மதி. பதினைந்து ரூபாய் டீக்காரருக்கும் உட்காரும் யோகம்.

இதற்குப் புதுச் சட்டம் தேவை இல்லை. மூன்று ஊர் நகர விற்பனைக் குழுக்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இடம் குறித்தால் போதும். அடுத்த கோடை வருவதற்குள் இதைச் செய்வார்களா என்பதை வார்டு கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது ஓட்டுப் போட்டவர்கள்தான்.